தாத்தாவுக்கும் பேரனுக்கும் எந்தக் காற்பந்து?

பள்ளி விடுமுறை விட்டால் அக்கா மகன் சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்கின் ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து இரண்டு வாரம் தங்குவான். அவனுக்கு 9 வயது. என் அப்பாவுக்கு 71. அப்பா இளவயதில் பத்து காவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அணியில் தற்காப்பு ஆட்டக்காரர். வேலை முடிந்து வந்து, இருட்டிப் பந்து தெரியாமல் போகும்வரை திடலில் நின்றவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கை விரல்களும் காலையில் மடங்க நேரமாகும். பேரன் பந்தோடு கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினால், அப்பா ஐந்தாவது மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்தே "இடது கால்ல அடிடா!" என்று சத்தம் போடுவார். அவருக்கு மிச்சமிருந்த காற்பந்து அவ்வளவுதான்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஒரு வீடியோ காற்பந்து வேண்டும் என்று தேட ஆரம்பித்தது இதனால்தான். நிஜ அணிகள், நிஜ ஆட்டக்காரர்கள் உள்ள பெரிய ஆட்டங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பாஸுக்கு ஒரு பட்டன், ஷூட்டுக்கு ஒரு பட்டன், ஓட ஒன்று, ஆளை மாற்ற ஒன்று என்று அப்பாவைப் பரீட்சைக்கு உட்கார வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மிச்சமிருந்தவை இயற்பியலை வைத்துக் கோமாளித்தனம் பண்ணும் ஆட்டங்கள். அவற்றில் ஐந்தாறு வகையை வீட்டிலேயே ஆடிப் பார்த்தோம். இதே தேடலில் இருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

இந்த வகை ஆட்டம் எப்படி வேறுபடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான காற்பந்து ஆட்டத்தில் நீங்கள் ஷூட் பட்டனை அழுத்தியதும், முன்பே தயாரித்து வைத்த அழகான உதை ஒன்றைத் திரையில் இருப்பவர் உதைப்பார். அவர் உடம்பு தவறவே தவறாது. கோமாளி ஆட்டங்களில் உடம்பு என்பது மூட்டுகளால் கோத்த சில எடைகள், அவ்வளவுதான். தலை ஓர் எடை, தொடை ஓர் எடை, கால் ஓர் எடை. புவியீர்ப்பு எங்கே இழுக்கிறது, எது எதில் மோதுகிறது என்பதைக் கணினி நொடிக்குப் பல முறை கணக்குப் போட்டு உடம்பை நகர்த்துகிறது. நீங்கள் கொடுப்பது ஓர் உந்துதல் மட்டும். மீதியை எடையும் மூட்டும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே மல்லாந்து விழுகிறார், பந்து யாரோ ஒருவரின் பிடரியில் பட்டு உள்ளே போகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதில் எனக்கு முதலில் குழப்பம் இருந்தது. படத் தரம், ஆழம், விலை எல்லாம் இணையத்தில் எல்லோரும் சொல்வதுதான். இரண்டு நாள் ஆடிய பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் என்று புரிந்தது: இருவரில் பலம் குறைந்தவர் தன் கையால் முதல் கோலைப் போட எவ்வளவு நேரம் ஆகிறது? அதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரிகிறதா? தெரியாமல் விழும் கோலுக்கு ஒரு முறை சிரிப்பார்கள். தெரிந்து விழும் கோலுக்குத்தான் மறுநாளும் வந்து உட்காருவார்கள்.

ராக்கெட் லீக்கில்தான் தொடங்கினோம், ஏனென்றால் மருமகன் அதைத்தான் கேட்டான். கார்களை வைத்து ஆடும் காற்பந்து. சயோனிக்ஸ் நிறுவனம் இதன் முந்தைய வடிவத்தை 2008-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்டது. அப்போது பெரிதாக எடுபடவில்லை. 2015 ஜூலையில் ராக்கெட் லீக் என்ற பெயரில் வந்தபோது உலகமே பிடித்துக்கொண்டது. 2020 செப்டம்பரிலிருந்து இலவசம். பந்து காரைவிடப் பெரியது. காரை மோதித்தான் அதை நகர்த்த முடியும், சுவரில் ஏறலாம், ராக்கெட் விசையோடு வானத்தில் பறந்துகூட அடிக்கலாம். நொடிக்கு 120 முறை இயற்பியல் கணக்கு ஓடுகிறது. அதனால் மோதிய கோணத்துக்கும் வேகத்துக்கும் பந்து நேர்மையாகப் பதில் சொல்லும். பார்க்கக் கோமாளித்தனம், உள்ளே துல்லியம். இந்த வகையில் இதைவிட நன்றாகச் செய்யப்பட்ட ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அப்பா கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வலது ஆள்காட்டி விரல் முன்னே போக, இடது ஆள்காட்டி விரல் பின்னே வர, இடது கட்டைவிரல் திருப்ப, வலது கட்டைவிரல் குதிக்கவும் வேகம் கூட்டவும். திரை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "நான் எந்தக் கார்டா தம்பி?" என்று கேட்டார். "கீழ இருக்கிற ஆரஞ்சு, தாத்தா." அவர் கீழே பார்ப்பதற்குள் பந்து மறுபக்கம் போய்விட்டது. ஒரு ஆட்டம் 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் பாதியை அப்பா சுவரைப் பார்த்தபடி முட்டிக்கொண்டு நின்றார். பேரன் வேண்டுமென்றே காரை நிறுத்தி வழிவிட்டான். அப்பாவுக்கு அது புரிந்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, "நீ மாமாவோட ஆடு" என்றார். விட்டுக்கொடுத்து ஆடுவதை அவர் எந்தக் காலத்திலும் ஏற்றவரில்லை.

ஆக ராக்கெட் லீக் யாருக்கு? ஒரே வயதுள்ள, ஏறக்குறைய ஒரே அளவு பழக்கமுள்ள இருவருக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் வேறு எதையும் தேடவே வேண்டாம். வருடக்கணக்கில் ஆடினாலும் கற்றுக்கொள்ள மிச்சம் இருக்கும். செலவு எங்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆட்டம் இலவசம், ஆனால் கணினியில் ஒரே திரையில் இருவர் ஆட வேண்டுமானால் ஒருவர் கீபோர்டில் ஆடலாம், மற்றவருக்குக் கன்ட்ரோலர் கட்டாயம். ஒரே கீபோர்டில் இருவர் ஆட வழியில்லை. பழைய மடிக்கணினி இதன் சுமையைத் தாங்காமல் திணறும் என்பதையும் வாங்குவதற்கு முன்பு யோசிக்க வேண்டும். இதன் கைப்பேசி வடிவமான சைட்ஸ்வைப் 2021-இல் வந்தது. அதில் ஆளுக்கொரு கைப்பேசி வேண்டும், எனவே ஒரே திரை முன் உட்காரும் நோக்கமே போய்விடுகிறது.

அதே காரணத்துக்காகத்தான் ஹாக்ஸ்பாலையும் விட்டேன். 2010-இல் வந்த உலாவி ஆட்டம். மேலேயிருந்து பார்க்கும் திடல், ஆட்டக்காரர்கள் வெறும் வட்டங்கள், பந்தும் ஒரு வட்டம். அம்புக்குறி பட்டன்களோடு உதைக்க ஒரு பட்டன், அவ்வளவே. வட்டத்தின் ஓட்டம் பனிக்கட்டியில் வழுக்குவதுபோல் இருக்கும், திரும்ப நினைத்தவுடன் திரும்ப முடியாது, அந்தச் சறுக்கல்தான் சுவையே. ஆனால் ஆளுக்கொரு கணினி வேண்டும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நண்பனோடு இரவு அரை மணி நேரம் ஆட எனக்கு இது மிகவும் பிடிக்கும். அப்பாவுக்கும் பேரனுக்கும் இது உதவாது.

கேங் பீஸ்ட்ஸ் என்று களிமண் பொம்மைபோல் தள்ளாடும் ஆட்கள் அடித்துக்கொள்ளும் ஆட்டம் ஒன்று 2017-இல் முழுமையாக வெளிவந்தது. அதிலும் காற்பந்துப் பிரிவு உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும், கன்ட்ரோலரும் வேண்டும், அடிதடிதான் அதன் உயிர். பக்கத்து வீட்டு அண்ணன்கள் நாலு பேர் சேர்ந்தால் அருமையாக இருக்கும். 9 வயதுப் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்தது பெரிய தலை ஆட்டங்கள். பக்கவாட்டில் பார்க்கும் சின்னத் திடல், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆள், அந்த ஆளுக்கு உடம்பே கிடையாது, ஒரு பெரிய தலையும் ஒரு பூட்ஸும்தான். ஏறக்குறைய ஒரே மாதிரியான இந்த ஆட்டங்கள் இணையத்தில் எக்கச்சக்கம். இவற்றுக்கும் முன்னோடி ஸ்லைம் சாக்கர். பாதி நிலா மாதிரி இருக்கும் இரண்டு வழவழப்பான உருவங்கள் பந்தைத் தலையால் முட்டும். என் வயதுக்காரர்கள் கணினி வகுப்பில் ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆடியது. அந்தக் காலத்து ஆட்டங்களில் பலவும் ஜாவா, ஃப்ளாஷ் ஆகிய மென்பொருள்களை நம்பி இருந்தவை. உலாவிகள் ஜாவாவைக் கைவிட்டன, ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. யாரோ அக்கறையோடு திரும்ப எழுதியவை மட்டும்தான் இன்று ஓடுகின்றன. பழைய பெயரைத் தேடி ஏதோ ஒரு தளத்தில் "இதைப் பதிவிறக்கம் செய்தால் ஃப்ளாஷ் வரும்" என்று கேட்டால் தயவுசெய்து தொடாதீர்கள்.

பெரிய தலை ஆட்டத்தில் அப்பா நன்றாகவே சமாளித்தார். இடது, வலது, குதி, உதை என்று நான்கு பட்டன். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பேரன் ஓடிக்கொண்டே குதிக்கும் நேரத்தில் அப்பா அழுத்திய உதை வேலை செய்யவில்லை. ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. "நான் அமுக்கிட்டேன்டா, சத்தியமா அமுக்கிட்டேன்" என்றார். பேரன் நம்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்தேன். உண்மையிலேயே அழுத்தியிருந்தார்.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஒரே கீபோர்டில் இருவர் ஆடும் எந்த ஆட்டத்திலும் இது வரும். கீபோர்டின் அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்ட கோலம் மாதிரி ஒரு வலை இருக்கிறது. ஒவ்வொரு பட்டனும் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் சந்திக்கும் புள்ளி. எந்த இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் எது எது என்று பிரித்தறிய முடியும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதுபோல் மின்சாரம் சுற்றி வந்துவிடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் மலிவான கீபோர்டுகள் மூன்றாவது பட்டனைப் பேசாமல் விட்டுவிடுகின்றன. விலை கூடிய கீபோர்டுகளில் ஒவ்வொரு புள்ளியிலும், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் டையோடு வைத்து இதைச் சரிசெய்திருப்பார்கள். நம் வீட்டு மடிக்கணினியில் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்பா பொய் சொல்லவில்லை என்று பேரனிடம் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். அவன் உடனே போய், "சாரி தாத்தா" என்றான். ஆட்டத்தைவிட அது எனக்கு நிறைவாக இருந்தது.

இதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. யூஎஸ்பி கீபோர்டு இன்னொன்றை மடிக்கணினியில் செருகுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் தன் வலை தனி என்பதால் ஒருவர் அழுத்துவது மற்றவரைத் தடுக்காது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 20 ரிங்கிட்டுக்குக் கிடைத்ததைத்தான் வாங்கினேன். தோளோடு தோள் இடிக்காமல் ஆளுக்கொரு நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் வசதி. அப்புறம் விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் பட்டனை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற பெட்டி வந்து ஆட்டத்தை நிறுத்திவிடும். ஷிஃப்ட்டை உதைக்கும் பட்டனாக வைத்திருக்கும் ஆட்டமாக இருந்தால் செட்டிங்ஸில் போய் அதை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு சரி செய்தும் பெரிய தலை ஆட்டத்தில் பேரன்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். அப்பா கோல் போட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு பட்டனில் விரல் வேகம்தான் தீர்மானிக்கிறது. விரல் மடங்கவே யோசிக்கும் கைக்கும் 9 வயதுக் கைக்கும் நடுவில் அது நியாயமான போட்டி இல்லை.

கடைசியாக ஒற்றைப் பட்டன் ஆட்டங்கள். இவற்றில்தான் எங்கள் தேடல் முடிந்தது.

இவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று பின்லாந்தைச் சேர்ந்த ஒட்டோ-வில்லே ஓயாலா செய்த சாக்கர் ஃபிசிக்ஸ். மற்றது ஆர்எச்எம் இன்டராக்டிவ் செய்த சாக்கர் ரேண்டம். அடிப்படை ஒன்றுதான். பக்கவாட்டில் பார்க்கும் திடலில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு ஆள், ஒருவர் முன்னே, ஒருவர் கோல் பக்கம். உங்களிடம் இருப்பது ஒரே பட்டன். அழுத்தினால் உங்கள் ஆட்கள் இருவரும் சேர்ந்து குதிப்பார்கள், காலும் உதைக்கும். ஓட முடியாது, திரும்ப முடியாது, ஆளை மாற்றவும் முடியாது. முதலில் 5 கோல் போட்டவர் வெற்றி.

இதில் என்ன ஆட்டம் இருக்கிறது என்று நானும் நினைத்தேன். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் நிற்கும் ஆட்கள் அப்படித்தான் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சாய்ந்திருக்கும்போது பட்டனை அழுத்தினால் முன்னால் பாய்வார்கள். பின்னால் சாய்ந்த நேரத்தில் அழுத்தினால் தங்கள் கோலை நோக்கியே பின்னோக்கிப் பறப்பார்கள். நேராக நிற்கும்போது அழுத்தினால் நேராக மேலே. ஆக ஓடும் பட்டனும் திரும்பும் பட்டனும் இல்லை என்பது பார்வைக்குத்தான். அவை எல்லாம் அந்தச் சாய்வுக்குள் இருக்கின்றன. எப்போது அழுத்துவது என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. பதற்றத்தில் தட்டிக்கொண்டே இருப்பவரின் ஆட்கள் தரையில் உருண்டுகொண்டே இருப்பார்கள். பொறுத்திருந்து தட்டுபவர் கோல் போடுவார்.

முதல் நாள் அப்பா நான்கு ஆட்டமும் தோற்றார், ஆனால் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டிருந்தார். ஒன்று தானாக விழுந்தது. இரண்டாவது எப்படி என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரையில் விரலை வைத்துக் காட்டினார்: "இவன் இந்தப் பக்கம் சாயுறான் பாரு, அப்ப விடணும்." மறுநாள் ஜெயிக்க ஆரம்பித்தார். பேரன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பந்தைப் பார்க்கவே இல்லை, தன் ஆளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தற்காப்பு ஆட்டக்காரருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தானாம்: எதிராளி காலால் ஏமாற்றுவான், பந்தாலும் ஏமாற்றுவான், இடுப்பால் ஏமாற்ற முடியாது. இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ ஆள் அந்தப் பக்கம்தான் போவான். ஐம்பது வருடத்துக்கு முன் தோட்டத்துத் திடலில் கற்றது ஒற்றைப் பட்டன் ஆட்டத்தில் இப்படி வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த மாலையினால்தான்.

அன்று இரவு கோல்கீப்பர் இரண்டு கையும் காற்றில் சுழல ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது அப்பா "ஆறுமுகம்டா!" என்று கத்தினார். பேரனுக்குப் புரியவில்லை. ஆர். ஆறுமுகம் மலேசியாவின் கோல்கீப்பர், நீளமான கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கியவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியைச் சேர்ந்தவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்களால் போக முடியவில்லை. 1988-இல் கார் விபத்தில் இறந்துபோனார். அப்பா இதையெல்லாம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. திரையில் ஆட்டம் நின்றுகொண்டிருந்தது. பேரன் ஒரு முறைகூடப் பட்டனைத் தொடவில்லை.

ஆனால் இது முழுக்க அதிர்ஷ்டம்தானே என்று என் அக்கா கேட்டாள். பினாங்குக்காரர்களுக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. 2016 பிப்ரவரி 16 அன்று பினாங்கு நகர அரங்கில் பகாங் அணிக்கு எதிராக பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதுபோல் கிளம்பி நடுவானில் மறுபக்கம் வளைந்து வலைக்குள் போனது. அந்தக் கோலுக்குத்தான் உலகின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது கிடைத்தது. எங்கள் மாமாக் உணவுக் கடையில் அப்போது அதைக் காற்று செய்த வேலை என்றவர்களும் இருந்தார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை: "காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது. அவன் அப்படி அடிக்கத் தெரிஞ்சவன்." ஒற்றைப் பட்டன் ஆட்டத்துக்கும் அக்காவிடம் என் பதில் அதுதான். ஒரு கோலைப் பிடித்துக்கொண்டால் அதிர்ஷ்டம். பத்து ஆட்டம் எண்ணினால் சாய்வைப் பார்த்து அழுத்துபவர்தான் கூடுதலாக ஜெயிக்கிறார். அதே சமயம் ஒரே ஒரு ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். திறமை சமமில்லாத இருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்கிறது?

சரி, இரண்டில் எது? சாக்கர் ஃபிசிக்ஸைக் கைப்பேசியிலேயே இருவர் ஆடலாம். திரையின் ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் மற்றவர். பேருந்துக்குக் காத்திருக்கும்போது, கிளினிக்கில் எண் கூப்பிடும்வரை, கைக்கு அடக்கமாக இருக்கும். கணினியே இல்லாத வீட்டுக்கும் இதுதான். எங்கள் வீட்டில் அது எடுபடாததற்குக் காரணம் அப்பாவின் கண். சின்னத் திரையில் அந்தச் சாய்வு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, சாய்வு தெரியாவிட்டால் ஆட்டமே இல்லை. பேரன் உற்சாகத்தில் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் நடந்தது. டேப்லெட் இருக்கும் வீடானால் இந்தக் குறை பாதி தீரும்.

சாக்கர் ரேண்டத்தை உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். ஒருவருக்கு டபிள்யூ, மற்றவருக்கு மேல்நோக்கிய அம்பு. ஆளுக்கு ஒரே பட்டன் என்பதால் மேலே சொன்ன மூன்று பட்டன் சிக்கல் இதில் வரவே வராது. ஒரே கீபோர்டு போதும். கோலுக்குக் கோல் திடலும் பந்தும் ஆட்களின் தோற்றமும் மாறும். திடீரென்று பனித்தரை, திடீரென்று வேறொரு பந்து. நேற்றுக் கற்ற கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டியிருக்கும். அந்த மாற்றம் வரும் ஒவ்வொரு தடவையும் இருவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்பதை நான் பெரிய நன்மையாகப் பார்க்கிறேன். மாறாத ஆட்டத்தில் அதிக நேரம் ஆடும் பிள்ளை வெகு சீக்கிரம் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடும். குறை என்றால் விளம்பரம். இதை வைத்திருக்கும் தளங்கள் பல. சிலவற்றில் ஆட்டத்துக்கு நடுவில் பெரிய விளம்பரம் வரும், பிள்ளைகள் தெரியாமல் அமுக்கிவிடுவார்கள். நான்கைந்து தளம் பார்த்து, தொல்லை குறைவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முழுத் திரையில் வைத்துக் கொடுங்கள். இணையம் போனால் ஆட்டமும் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் சாக்கர் ரேண்டத்தை எடுத்தோம். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் தொலைக்காட்சியில் போட்டோம். முதல் மாலை ஏதோ இடித்தது. அப்பா சரியான நேரத்தில் அழுத்தியும் ஆள் தாமதமாகக் குதித்தான். தொலைக்காட்சி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளிதான் காரணம். நாடகம் பார்க்கும்போது தெரியாது, நேரத்தை நம்பி ஆடும் ஆட்டத்தில் அதுவே எல்லாம். ரிமோட்டில் பட அமைப்புக்குள் போய் கேம் மோட் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது. உங்கள் தொலைக்காட்சியில் அந்த வசதி இல்லாவிட்டால் மடிக்கணினித் திரையிலேயே ஆடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

20 ரிங்கிட் கீபோர்டு அப்பாவின் மடியில். அந்தக் கீபோர்டில் அம்புக்குறிகள் நான்கும் நெருங்கி இருக்கின்றன. திரையைப் பார்த்துக்கொண்டே தடவும்போது அவர் விரல் கீழ் அம்புக்குப் போய்விடும். அம்மா தன் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து ஒரு மெரூன் பொட்டை எடுத்து மேல் அம்பின்மேல் ஒட்டினார். துணிப் பொட்டு, லேசாகச் சொரசொரப்பு. இப்போது அப்பாவுக்குக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. விரல் வலி அதிகமான நாளில் உள்ளங்கையின் ஓரத்தால் தட்டுகிறார், அதற்கும் அந்தப் பட்டன் பதில் சொல்கிறது. நான்கு பட்டன் ஆட்டத்தில் இது நடக்கவே நடக்காது.

வேறு ஜோடிகளுக்கு என் கருத்து வேறு. கணவன் மனைவி இருவரும் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் சிரிக்க வேண்டுமானால் பெரிய தலை ஆட்டம், இரண்டு கீபோர்டோடு. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவருக்கு ராக்கெட் லீக், கன்ட்ரோலர் வாங்கத் தயங்காதீர்கள். ஊர்விட்டு ஊர் இருக்கும் நண்பர்களுக்கு ஹாக்ஸ்பால். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு ஆடுபவர்களுக்கு ஒற்றைப் பட்டன் ஆட்டம்தான், ஆனால் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

வரும் தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு எங்கள் வீட்டில். சொந்தங்களின் பிள்ளைகள் பதினைந்து பேராவது வருவார்கள். முறுக்குத் தட்டு கீபோர்டிலிருந்து கையெட்டாத தூரத்தில் இருக்கும். ஐந்து கோல் முடிந்ததும் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். பொட்டு வைத்த கீபோர்டு மட்டும் எப்போதும் தாத்தாவின் மடியில்தான் என்று பேரன் இப்போதே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறான்.